பொய்ரோ வராத கிறிஸ்டி

துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் தனி நாவல்களில், அதாவது அவருடைய வழக்கமான துப்பறிவாளர்கள் வராதவற்றில், பிடித்தவை எவை என்ற இந்த உரையாடலில் பெரும்பாலோர் 1939இல் வந்த ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நானும் வெகுகாலம் அந்தத் துப்பறிவாளர்களான பொய்ரோ, மிஸ் மார்ப்பிள் வரும் கதைகளையே படித்து வந்தவன். பழைய புத்தகக் கடையில் ‘தி பேல் ஹார்ஸ்’ கிடைத்த பிறகுதான் மற்றவற்றைத் தேட ஆரம்பித்தேன். கிறிஸ்டியில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போது இவற்றைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கிறேன்.

‘தி பேல் ஹார்ஸ்’ 1961இல் வெளியானது. தொடக்கத்திலேயே லண்டன் செல்சியில் ஒரு காபி கடை. இரண்டு இளம்பெண்கள் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி மற்றவளின் தலைமுடியைப் பிடித்து இழுக்க, அது வேரோடு கொத்தாகக் கையில் வந்துவிடுகிறது. முடியைப் பறிகொடுத்தவளோ, அவ்வளவாக வலிக்கவில்லை என்கிறாள். படிப்பவர் கவனம் சண்டையில் இருக்கும்போதே முக்கியமான துப்பைக் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போய்விடுகிறார் கிறிஸ்டி. மாந்திரீகத்தால் ஆளைக் கொல்வதாகச் சொல்லிக்கொள்ளும் மூன்று பெண்கள் கதையில் வருகிறார்கள்; உண்மையில் கொல்வது தாலியம் என்ற விஷம். (இது தெரிந்தாலும் கொலையாளி யார் என்று தெரிந்துவிடாது, தைரியமாகப் படிக்கலாம்.)

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் மருந்தகப் பணி செய்தவர் கிறிஸ்டி. விஷங்களைப் பற்றி எழுதும்போது அந்த அனுபவம் பேசும். அதற்கு ஒரு நிஜச் சம்பவமே சாட்சி. 1977இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கிருந்த செவிலியர் அப்போது இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். முடி உதிர்வதைக் கவனித்து, தாலியமாக இருக்கலாமே என்றார். பரிசோதனையில் அதுவே உறுதியானது. குழந்தை பிழைத்தது. இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்த காபி கடைப் பக்கங்களை எடுத்து மறுபடி படித்தேன், மெய் சிலிர்த்தது.

1944இல் வந்த ‘டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்’ நடப்பது சுமார் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில். ஹெகநக்த் என்ற குடும்பத் தலைவர் வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தொல்லியலாளர்களுக்குக் கிடைத்திருந்தன. யாருக்கு எவ்வளவு தானியம் அளப்பது, தன் ஆசைநாயகியை எப்படி நடத்துவது என்றெல்லாம் அவற்றில் அதட்டியிருப்பார். அதிலிருந்து பிறந்தது கதை. நாவலில் குடும்பத் தலைவர் இம்ஹோதெப் ஓர் இளம்பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வருகிறார், மகன்களும் மருமகள்களும் பொருமுகிறார்கள், சாவுகள் தொடங்குகின்றன. புகார் கொடுக்கப் போலீஸ் கிடையாது, வரவழைக்கத் துப்பறிவாளர் கிடையாது. பொய்ரோ இருந்தால் கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற தெம்பு நமக்கு இருக்கும். இங்கே அடுத்து விழப்போவது யார் என்று அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் பயப்பட வேண்டியிருக்கிறது. நண்பரும் எகிப்தியல் அறிஞருமான ஸ்டீபன் கிளான்வில் வற்புறுத்தியதால் முடிவை மாற்றியதாகச் சுயசரிதையில் கிறிஸ்டி வருத்தப்பட்டிருக்கிறார். அவர் முதலில் நினைத்த முடிவைப் படிக்க எனக்குத் தீராத ஆசை.

எனக்கு மிகப் பிடித்தது 1967இல் வந்த ‘எண்ட்லெஸ் நைட்’. எழுபத்தைந்தைக் கடந்த கிறிஸ்டி, எந்த வேலையிலும் நிலைக்காத மைக்கேல் என்ற இளைஞனின் குரலில் முழு நாவலையும் எழுதியிருக்கிறார். சாபம் பிடித்தது என்று ஊரார் ஒதுக்கும் நிலம், எல்லி என்ற பணக்கார மனைவி, அங்கே எழும் புது வீடு. பாதிக்கு மேல் போயும் கொலை நடக்காது. காதல் கதை போலவே போகும். எல்லி கிதார் வாசித்தபடி ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் வரிகளைப் பாடுவாள். தலைப்பும் அந்தக் கவிதையிலிருந்து வந்ததுதான். முடிவு தெரிந்த பின் அந்தப் பாட்டுக்குத் திரும்பிப் போனால், மைக்கேல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் வேறாகத் தெரியும். தயவுசெய்து யாரும் இதன் முடிவை இங்கே எழுதிவிடாதீர்கள்.

‘தே கேம் டு பாக்தாத்’ மட்டும் என்னை ஈர்க்கவில்லை. அகழாய்வு முகாம் வரும் பகுதி அருமை; தொல்லியலாளரான கணவர் மாலோவனோடு ஈராக்கில் தங்கியிருந்தவர் எழுதியது என்று படித்தவுடனே தெரியும். உளவுச் சதிதான் ஒட்டவே இல்லை. அதை ரசித்தவர்கள் இருந்தால், எந்த இடம் பிடித்தது என்று விவரமாக எழுதுங்கள்.