மூணு தடவை பாஸ்வேர்டு மாத்தியும் திரும்ப உள்ளே வர்றாங்க, உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். அக்கா வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்றாங்க. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பாமினிங்கற பழைய எழுத்துருவில் அடிச்சதை யூனிகோடுக்கு மாத்தித் தர்றது. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11. செவ்வாய் ராத்திரி அவங்க இன்ஸ்டாகிராமில் இருந்து ‘பணம் இரட்டிப்பாகும்’னு விளம்பரம் போயிருக்கு. காலையில் பார்த்தா ஜிமெயிலில் சம்பந்தமே இல்லாத ஊரில் இருந்து லாகின். ரெண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தோம். ஓடிபி எதுவும் வரல, யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. பாஸ்வேர்டு மூணு தடவை மாத்தியாச்சு, சாயங்காலமே மறுபடி வந்துட்டாங்க. டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டினா சுத்தமா இருக்குன்னு சொல்லுது. அக்கா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. என்ன பண்ணட்டும்?

பழையமானிட்டர்:
தம்பி, மூணு தடவையும் பாஸ்வேர்டை எதில் மாத்துனீங்க? அதே கம்ப்யூட்டரிலயா? இன்னொண்ணு, ‘நான் ரோபோ அல்ல’ன்னு கேட்டு, விண்டோஸ் கீயோட சேர்த்து ஆர் அழுத்தச் சொன்ன பக்கம் ஏதாவது வந்துச்சான்னு அக்காகிட்ட கேளுங்க. திட்டாம கேளுங்க.

வைகைக்கரை:
அதே கம்ப்யூட்டர்தான் அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே நடந்திருக்கு. எழுத்துரு மாத்தி ஒண்ணு தேடினப்ப வந்ததாம். விண்டோஸ் ஆர், கன்ட்ரோல் வி, என்டர். கறுப்பா ஒரு பெட்டி மின்னி மறைஞ்சுதாம். “ஒட்டுனப்ப சரிபார்ப்பு எண்ணுன்னுதான்டா இருந்துச்சு”ங்கறாங்க.

பழையமானிட்டர்:
அவங்க பார்த்தது பொய்யில்லை. விண்டோஸ் ஆர் அழுத்தினா திறக்கிற ரன் பெட்டி சின்னது, நீளமா எதை ஒட்டினாலும் கடைசிப் பகுதிதான் கண்ணுக்குத் தெரியும். அந்த வாலில் ‘சரிபார்ப்பு எண்’னு எழுதி வெச்சு, முன்னாடி விண்டோஸுக்கு உத்தரவு போடற பவர்ஷெல் கட்டளையை ஒளிச்சிருப்பாங்க. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எக்ஸ்ப்ளோரர் கீழே ரன்எம்ஆர்யூ-ன்னு ஒரு இடம் இருக்கு. ரன் பெட்டியில் போட்டதெல்லாம் அங்கே பதிவாகும், பாருங்க.

ஓடிபி ஏன் வரலன்னா, அவங்களுக்கு அது தேவையே படல. நாம ஒரு தடவை ஓடிபி போட்டு உள்ளே போனதும் தளம் உலாவியில் ஒரு குக்கி வைக்கும். அந்தக் குக்கி இருக்கிற வரை மறுபடி கேட்காது. அந்தக் கட்டளை கொண்டு வந்த திருட்டு மென்பொருள் (ட்ரோஜன்) சேமிச்ச பாஸ்வேர்டுகளோட குக்கியையும் அள்ளிட்டுப் போகும். அக்காவோட பெயரில்தான் அது ஓடுது, அதனால் உலாவி பூட்டி வெச்சதைத் திறந்து கொடுன்னு கேட்டா விண்டோஸும் கொடுத்துடும். 2024 ஜூலையில் குரோம் 127-இல் இதுக்குன்னே கூடுதல் பூட்டு போட்டாங்க. சில மாசத்துலயே அதையும் தாண்டிட்டாங்க.

ஸ்கேனில் ஒண்ணும் இல்லைங்கறதை நம்பாதீங்க. சிலது அள்ளிக்கிட்டு தடயத்தை அழிச்சுட்டுப் போயிடும், சிலது இன்னொண்ணை உட்கார வெச்சுட்டுப் போகும். நீங்க மாத்தின பிறகும் வர்றாங்கன்னா ரெண்டாவதா இருக்கலாம்.

அக்கா ஏமாந்துட்டோமேன்னு வருத்தப்பட வேண்டாம். 2025 மார்ச் 16-க்கும் மே 16-க்கும் இடையில் மட்டும் லும்மாங்கற ஒரே திருட்டு மென்பொருள் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடிச்சுது. அதைப் பரப்பின வழிகளில் இந்தப் போலி ரோபோ சோதனையும் ஒண்ணு.

சோலைக்குயில்:
எங்க தெருக் கடைக்காரர் 300 ரூபாய்க்கு வைரஸ் கிளீன் பண்ணித் தருவார். அப்படிக் கொடுத்துப் பாருங்களேன்?

பழையமானிட்டர்:
வேண்டாம்ங்க. இதில் துடைச்சுப் பிரயோஜனம் இல்லை, டிஸ்க்கை அழிச்சு விண்டோஸைப் புதுசா போடணும். இன்ஸ்டால் பண்ற பென்டிரைவை வேற நல்ல கம்ப்யூட்டரில் தயார் பண்ணுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி, தம்பி, இப்பவே நெட் கேபிளைப் பிடுங்கிடுங்க, வைஃபையையும் அணைங்க. அப்புறம் உங்க போனை எடுத்து, மொபைல் டேட்டாவில் மெயிலை முதலில் பிடிங்க. பாஸ்வேர்டு மாத்தினா மட்டும் போதாது. எல்லாக் கருவியில் இருந்தும் வெளியேத்துங்க. மீட்பு மெயில், மீட்பு எண் உங்களுதானான்னு பாருங்க. மெயில் வடிகட்டி, ஃபார்வர்டிங் ரெண்டையும் பாருங்க, திருடன் கதவைத் திறந்து வெச்சுட்டுப் போற இடம் அதுதான். மெயில் கைக்கு வந்த பிறகுதான் மத்ததெல்லாம்.

தேன்மொழி:
நெட் பேங்கிங் பாஸ்வேர்டை உலாவியில் சேமிச்சிருந்தாங்களா? சேமிச்சிருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, வங்கிக்குப் போன் போட்டு முடக்கச் சொல்லுங்க. ஒரு ரூபாய் போயிருந்தாலும் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்த முடியறது அந்த முதல் சில மணி நேரம்தான். அக்காவோட வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவங்க பெயரில் பணம் கேட்டு மெசேஜ் போகலாம்.

வைகைக்கரை:
பணம் எதுவும் போகல. வங்கியில் சொல்லியாச்சு. ரன்எம்ஆர்யூவில் இருந்துச்சு அண்ணா, பவர்ஷெல்னு ஆரம்பிச்சு ரெண்டு வரிக்கு நீளுது, கடைசியில் அந்தச் சரிபார்ப்பு எண். ஜிமெயிலில் நாங்க போடாத வடிகட்டி ஒண்ணு: ‘பாதுகாப்பு எச்சரிக்கை’ன்னு வர்ற எல்லா மெயிலும் நேரா குப்பைக்கு. அதான் எங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கு. அழிச்சாச்சு, மீட்பு மெயிலும் எங்களுதில்லை, மாத்தியாச்சு. நேத்து ராத்திரியில இருந்து யாரும் உள்ளே வரல. அக்கா இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க.

இன்னிக்கு விண்டோஸ் புதுசா போடறேன். பத்திரிகை ஃபைல்களையும் எழுத்துருக்களையும் பென்டிரைவில் எடுத்துக்கலாமா?

பழையமானிட்டர்:
நல்ல செய்தி. டிசைன் ஃபைல், படம், டிடிஎஃப் எழுத்துரு மட்டும் எடுங்க. எக்ஸ்இ-யா இருக்கிற எழுத்துரு இன்ஸ்டாலர், கீபோர்டு மென்பொருள் எதுவும் வேண்டாம், அதெல்லாம் மறுபடி மூலத்தளத்தில் இருந்தே இறக்கிக்கங்க. புதுசா போட்டதும் பென்டிரைவை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டுத் திறங்க.