ஊர்ச் சபையிலிருந்து சென்னை சபைக்கு மாறுவது எப்படி?

தாம்பரம்வாசி:
தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துக் கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது. மூன்று வருடமாகத் தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம். ஞாயிறு ஆராதனைக்குப் போவோம், காணிக்கைப் பையில் போடுவோம், அதோடு சரி. மகளுக்கு வரும் மாசியில், அதாவது 2027இல், கல்யாணம் வைக்க எண்ணம். மாப்பிள்ளை வீடு நாகர்கோவில், அவர்களும் சி.எஸ்.ஐ.தான். இங்கே ஆயரிடம் (சபைக் குருவானவரிடம்) கேட்டால், "நீங்கள் இந்தச் சபை மெம்பர் இல்லையே" என்கிறார். மகள் விடுதியில் படித்ததால் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை முழு அங்கத்தினராக்கும் சடங்கு) எடுக்கவில்லை. ஊரில் இரண்டு வருட சங்கம் (சபைச் சந்தா) பாக்கி. அப்பா அம்மா கல்லறை அங்கே இருப்பதால் ஊர்ப் பெயரை வெட்டவும் மனசு வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதிவேடு:
அண்ணாச்சி, முதலில் தேதியைப் பாருங்கள். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்த்தெழுந்த பண்டிகை மார்ச் 28. மாசி மாதம் முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலான லெந்து நாட்களுக்குள், அதாவது தவக்காலத்துக்குள், மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலான சி.எஸ்.ஐ. கோயில்களில் லெந்தில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். தையிலேயே முடியுங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆயரிடம் போய் நிற்பவர்கள் வருடாவருடம் உண்டு.

அடுத்தது மாற்றுக் கடிதம், அதாவது ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு மாற ஊர்ச் சபை தரும் கடிதம். ஊர் சேகர (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) குருவானவரிடம் எழுதிக் கேளுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி அதில் வரவேண்டும். 'இன்னாருடைய குடும்பம் எங்கள் சபையைச் சேர்ந்தது' என்று இரண்டு வரியில் வாங்கிக்கொண்டு வந்தால் இங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பழைய பதிவேடு இரும்புப் பெட்டியில் இருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் ஊரில் இருக்கமாட்டார். ஒரே நாளில் வேலை முடியும் என்று ரயில் டிக்கெட் போடாதீர்கள்.

பாக்கியைத் தீர்க்காமல் கடிதம் எழுதமாட்டார்கள். பணம் கட்டும்போது ரசீதில் உங்கள் பெயரும், எந்த வருடத்துச் சங்கம் என்பதும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சித்தப்பா கையில் கொடுத்தனுப்பினால் அவர் பெயரில் ரசீது விழும், உங்கள் பக்கத்தில் பாக்கி அப்படியே நிற்கும்.

ஓலை:
கல்யாணத்துக்கு இன்னும் சில விஷயங்கள். தெற்கே 'ஓலை வாசிப்பது' என்பார்கள் இல்லையா, அந்த அறிவிப்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை படிக்கப்படவேண்டும். பெண்ணின் சபையில் மட்டும் படித்தால் போதாது, மாப்பிள்ளையின் சபையிலும் படித்து, மறுப்பு வரவில்லை என்று அங்கிருந்து எழுத்தில் சான்று வரவேண்டும். மூன்றாம் ஓலை முடிந்து அந்தச் சான்று கைக்கு வர ஒரு வாரம் வையுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் நாகர்கோவிலிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினால் எல்லா ஆயரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

மகளுக்குத் திடப்படுத்தல் ஆகவில்லை என்பதை இப்போதே ஆயரிடம் சொல்லிவிடுங்கள், கடைசியில் படிவம் நிரப்பும்போது தெரியவந்தால் சங்கடம். திடப்படுத்துவது வழக்கமாகப் பேராயர் (பிஷப்)தான். பேராயர் உங்கள் சேகரத்துக்கு வரும் நாள் எப்போது என்பதுதான் கேள்வி. அது தள்ளி இருந்தால், பக்கத்து சேகரத்து வரிசையில் சேர்க்க ஆயர் கடிதம் கொடுப்பார். வகுப்பு சில வாரம் நடக்கும். பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் பார்க்காமல் சொல்லத் தெரியவேண்டும். முதல் நற்கருணைக்கு முழங்காலிடும்போது இடது உள்ளங்கை மேல் வலது உள்ளங்கையை விரித்து வைத்து அப்பத்தை வாங்கச் சொல்லிக்கொடுங்கள், விரலால் எடுக்கக் கூடாது.

கல்யாணப் பதிவேட்டில் மணமக்களோடு குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும், 1872ஆம் வருட கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. யார் யார் என்று முன்னாடியே முடிவு செய்யுங்கள். பாட்டு முடிந்த பிறகு 'மாமா எங்கே' என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தாம்பரம்வாசி:
மாசிக் கணக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, நன்றி. இன்னொரு சிக்கல். ஞானஸ்நானப் பதிவேட்டில் மகள் பெயர் ஒன்று, ஆதாரில் வேறு. ஊர்க் கல்லறை விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

பதிவேடு:
ஞானஸ்நானப் பதிவேட்டை அடித்துத் திருத்தமாட்டார்கள், திருத்தச் சொல்லியும் கேட்காதீர்கள். இரண்டு பெயரும் ஒருவருக்கே என்று ஆயரிடம் சான்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். கல்யாணப் பதிவேட்டில் ஆதார், பாஸ்போர்ட் இரண்டிலும் இருக்கிற பெயர்தான் வரவேண்டும், இனிஷியல் உட்பட. பின்னால் விசா கேட்கும்போது இடிப்பது இந்த ஒரு எழுத்துதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரி வரியாக வாசியுங்கள்.

தலைக்கட்டு:
கல்லறைக்கு வருகிறேன். மாற்றுக் கடிதம் வாங்கிவிட்டால் ஊர்ச் சபையில் உங்களுக்கு ஓட்டு கிடையாது, கமிட்டிக்கு நிற்கவும் முடியாது. இரண்டு சபையிலும் ஒரே நேரத்தில் ஓட்டு வைத்திருப்பது தவறு, தேர்தல் வருடத்தில் இதை வைத்தே வழக்குப் போடுவார்கள். ஆனால் ஊரோடு ஒட்டிக்கொள்ள ஓட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? அசனத்துக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பங்கு) கொடுங்கள், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) அனுப்புங்கள். வெளியூர்க் குடும்பங்கள் என்று பல சபைகளில் தனிப் பக்கமே வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் வேண்டுமென்றால் கமிட்டியிடம் எழுதிக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த கமிட்டி வந்தால் நிற்காது. சென்னையில் கல்லறை இடத்துக்கு இருக்கும் நெருக்கடியைப் பார்த்தால் இதை இப்போதே செய்வது நல்லது.

இங்கே காணிக்கைப் பையில் போடுவது கணக்கில் ஏறாது, அதில் பெயர் கிடையாது. மெம்பர் ஆனதும் சந்தா கவர் தருவார்கள், மேலே உங்கள் குடும்ப எண் இருக்கும். மாதாமாதம் அதில் வைத்துப் போடுங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் பொருளாளர் உங்களை முகம் பார்த்து அறிவது மாதா மாதம் கொடுத்தால்தான். ஸ்தோத்திரக் காணிக்கைக்குத் தனிக் கவர் உண்டு, அதில் பெயர், காரணம், தொகை மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அறிவிப்பு வாசிப்பவர் கண்ணாடியை மறந்து வந்தாலும் தப்பாக வாசிக்கமாட்டார்.