மழைக்கு அப்புறம் வண்டி மிஸ்ஸிங் அடித்த கதைகள்

வேளச்சேரி, ஸ்பிளெண்டர், 2003 மாடல்

அப்பா வாங்கிய வண்டி. போன வாரம் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் வாசலில் திறந்தவெளியில் நின்றது. தண்ணீர் சக்கரத்தில் கால்வாசிகூட ஏறவில்லை, அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு உதை உதைத்த பிறகு ஸ்டார்ட் ஆனது. மாசக் கடைசி என்பதால் ரிசர்வில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஐடிலிங்கில் அழகாக நிற்கிறது, ஆக்சிலேட்டர் திருகினால் முக்குகிறது. 40ஐத் தாண்டினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல ஜர்க். விஜயநகர் சிக்னலில் அணைந்தே விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, தரமணி வரை ஒழுங்காக ஓடி, அங்கே மறுபடியும் அதே கதை.

புது பிளக் போட்டாச்சு. ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு. இரண்டு நாள் நல்ல வெயிலிலும் நிறுத்திப் பார்த்தாச்சு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரே போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் கடைசியில் எங்கே போய் முடிந்தது?

பொள்ளாச்சி, விக்டர்

எனக்கு நடந்தது வால்பாறை ரோட்டில். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மாதச் சாரலில் பாதி தூரம் ஏறியதும் வண்டி விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி ஹெட்லைட்டை அணைத்தேன், என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கும்மிருட்டு. குனிந்து பார்த்தால் பிளக் வயரிலிருந்து என்ஜின் ஹெட்டுக்கு நீலமாக ஒரு நூல் தாவிக்கொண்டே இருந்தது. வயர் பழசாகி மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. காய்ந்திருக்கும் வரை தெரியாது. ஈரம் பட்டதும் பிளக்குக்குப் போக வேண்டிய கரன்ட் குறுக்கு வழியில் போய்விடுகிறது.

நல்ல வேளை, வெடிப்பு பிளக் கேப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியை அரை விரல் அளவு வெட்டிவிட்டு மறுபடி திருகினேன். கேப்புக்குள் ஒரு திருகாணி இருக்கும், அது வயரின் நடுக்கம்பியில் ஏற வேண்டும். துடைத்துவிட்டு உதைத்தால் அட்டகட்டி வரை ஒரு தடுமாற்றம் இல்லை.

இப்போதெல்லாம் மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு நாள் ராத்திரி, துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் அந்த பாட்டிலை எடுத்து வயர் மேல் புகை மாதிரி அடித்துப் பார்ப்பேன். கசிவு இருந்தால் இருட்டில் தானே காட்டிக் கொடுக்கும். அந்த நேரம் வயரைக் கையால் தொட்டுவிடாதீர்கள், நான் தொட்டிருக்கிறேன்.

ஆனால் தம்பி, கரன்ட் கோளாறு என்றால் வெயிலில் காய்ந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். உங்கள் வண்டி இரண்டு நாள் காய்ந்தும் முக்குகிறது. பிளக் வயரோடு நிற்காமல் பெட்ரோல் பக்கமும் பாருங்கள்.

நாகர்கோவில், புல்லட், 1987

எங்கள் வண்டிக்கு இந்த சிடிஐ என்கிற எலக்ட்ரானிக் பெட்டிக் கதையெல்லாம் கிடையாது, பிளாட்டினம்தான், அதாவது சேர்ந்து பிரியும்போது பிளக்கில் பொறி வரவைக்கும் இரண்டு முனை. ஒரு தடவை ஆரல்வாய்மொழி தாண்டியதும் மழையில் நின்றுவிட்டது. ஹெட்லைட் மேலே ஆம்பியர் மீட்டர் இருக்கிறதே, பலபேர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால், பிளாட்டினம் சேர்ந்து பிரியும்போதெல்லாம் அந்த முள் ஆட வேண்டும். அன்றைக்கு அசையவே இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே வியர்த்துக் கிடக்கிறது. சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை இரண்டு முனைக்கும் நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தேன், வேலை முடிந்தது. மூடியின் கேஸ்கெட்டை வீட்டுக்கு வந்து மாற்றினேன். ஸ்பிளெண்டர்காரருக்கு இது உதவாது. கேட்டதால் சொன்னேன்.

முடிச்சூர், பேஷன்

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வண்டி ஹேண்டில்பார் வரை முழுகியது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் செய்த முதல் காரியம் கிக்கரை உதைத்ததுதான். பக்கத்து வீட்டு அண்ணன் உதைத்துப் பார்த்து அசையாததால், இரண்டாவது கியரில் போட்டு நாலு பையன்களை வைத்துத் தள்ளச் சொன்னார். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். சிலிண்டருக்குள் தண்ணீர். காற்று மாதிரி தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது, பிஸ்டன் மேலே வர இடம் இல்லாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பாதி என்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அதைக் கண்ணால் பார்த்ததால் நான் முதலில் பிளக்கைக் கழற்றினேன். பிறகு கிக்கரை மெதுவாக அழுத்த, பிளக் ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. முகத்தை நேராக வைத்திருந்ததற்குப் பலனும் கிடைத்தது. என்ஜின் ஆயிலைத் திறந்தால் பால் டீ வருகிறது. புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடி கொட்டி, மூன்றாம் தடவைதான் ஆயில் ஆயிலாக இருந்தது. அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

முழுகாத வண்டிக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனாலும் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி நிறத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

கடலூர், சிடி100

வேளச்சேரிக்காரர் சொன்னதில் ஒரு விஷயத்தை யாரும் பிடிக்கவில்லை. ரிசர்வில் ஓட்டியிருக்கிறார்!

பெட்ரோல் டேப்பில் இரண்டு குழாய் உண்டு. சாதாரணமாக ஓடும்போது உயரமான குழாய் வழியாக வரும், டேங்க்கின் அடியில் இருப்பது அப்படியே கிடக்கும். ரிசர்வுக்குத் திருப்பினால் அடிமட்டத்தில் இருப்பது வரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அதனால் டேங்க்குக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கார்பரேட்டருக்கு வந்தாலும் அடிக்கப்பில்தான் தங்கும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையான மெயின் ஜெட் அந்தக் கப்பின் அடிவரை இறங்கி நிற்கிறது, ஐடிலிங் ஜெட் கொஞ்சம் மேலே. ஐடிலிங் நன்றாக இருந்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் முக்குகிறது என்றாரே, அது இதுதான்.

எங்களுக்கும் இதே ஆயிற்று. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடிக்குப் போய்விடும். மழைக்குப் பயந்து இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் வைத்திருந்ததில், டேங்க் அடியில் ஒரு டம்ளருக்கு மேல் அது சேர்ந்திருந்தது. காரணம் டேங்க் மூடியின் ரப்பர். 30 வருஷ ரப்பர், காய்ந்த அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

கார்பரேட்டரை மாற்றும் முன்பு கப்பின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.

வேளச்சேரி, மறுபடியும்

கடலூர் சகோதரி சொன்னபடியே. ஊறுகாய் பாட்டிலில் பிடித்தேன். அடியில் முத்து முத்தாக உருண்டு, ஒரு நிமிடத்தில் ஒன்றாகச் சேர்ந்து தனிக்கோடாக நின்றது. டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்ததில் இன்னும் அரை டம்ளர், துருவோடு. மூடி ரப்பரில் விரல்நகம் நுழையும் அளவு பிளவு. ரப்பர் 60 ரூபாய். கப்பையும் ஜெட்டையும் பெட்ரோல் விட்டுக் கழுவி, காற்றடித்து மாட்டினேன், பழைய கார்பரேட்டரேதான். பிளக் வயரையும் ராத்திரி தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், நீலம் எதுவும் தெரியவில்லை. ஆயில் நிறமும் சரியாக இருக்கிறது.

இன்று காலை ஓஎம்ஆரில் 60 வரை போனேன், இழுப்பு இல்லை. முன் பிரேக் மட்டும் காலையில் கீச்சிடுகிறது. டிரம்முக்குள் ஈரம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்கிறேன்.