பால்மர்ஸ்டன் தீவில் விருந்தாளியாக

தென் பசிபிக்கில் போரா போரா தீவிலிருந்து மேற்கே பாய்மரப் படகில் போகிறவர்களில் பலர் பால்மர்ஸ்டனில் நிற்காமல் நேராக நியுவே தீவுக்கோ டோங்காவுக்கோ போய்விடுகிறார்கள். நாங்கள் நின்றோம். அந்த வழியில் போகிற எல்லாரும் நிற்க வேண்டும் என்பேன், காற்று இடம் கொடுத்தால்.

குக் தீவுகளைச் சேர்ந்த பவளத்தீவு இது. அவற்றின் முக்கியத் தீவான ரரோடோங்காவிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர். விமானம் இறங்க வழியில்லை, சரக்குக் கப்பலும் எப்போதாவதுதான் வரும். அறுபது பேர்கூட இல்லாத ஊரில் ஏறக்குறைய எல்லாருமே வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயரின் வம்சம். 1863-இல் பாலினேசிய மனைவியரோடு குடியேறியவர் அவர். மூன்று மனைவியர் வழியில் மூன்று குடும்பங்கள். நிலத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்து, ஒரே குடும்பத்துக்குள் கல்யாணம் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தென்னை மரங்கள் தெரிய ஆரம்பித்ததும் அலுமினியப் படகு ஒன்று எங்களை நோக்கி வந்தது. யார் முதலில் வந்து சேர்கிறார்களோ அந்தக் குடும்பம்தான் உங்களுக்கு விருந்து கொடுக்கும், கிளம்பும்வரை நீங்கள் அவர்கள் பொறுப்பு. எங்களை வரவேற்ற அண்ணன் மேற்குப் பக்கத்தில் ஒரு மிதவையைக் காட்டி, கயிறு கட்டவும் கூட நின்றார். பாஸ்போர்ட்டைப் பார்க்க அதிகாரிகளாக வந்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

நம் படகு உள்ளே போக முடியாது. பவளப்பாறை வளையத்தில் இருக்கும் வழி குறுகலானது, வளைந்து வளைந்து போவது. அண்ணன் பின்னால் நின்றபடி ஒரு கையால் என்ஜினைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்து ஓட்டினார். பழுப்பு தெரிந்த இடத்தில் பாறை, நீலம் தெரிந்த இடத்தில் ஆழம். ஒரு இடத்தில் என்ஜினைச் சட்டென்று தூக்கிவிட்டார், படகின் அடியில் பவளம் கையெட்டும் தூரத்தில் நழுவிப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரோ பேச்சை நிறுத்தவே இல்லை.

கரையில் பெருக்கிச் சுத்தமாக வைத்த மணல் பாதை. உடைந்த கப்பல்களின் மரத்தால் கட்டிய மார்ஸ்டர்ஸின் பழைய வீடு, பக்கத்தில் அவர் கல்லறை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்வதில்லை. பெண்கள் தொப்பி அணிந்து தேவாலயத்துக்கு வருகிறார்கள், பாட்டு தொடங்கினால் சுவரே அதிர்கிறது. அப்புறம் சாப்பாடு. கிளிமீன், கோழி, சோறு, தேங்காய். எங்களுக்குப் பரிமாறிச் சாப்பிட வைத்துவிட்டு, நாங்கள் எழுந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மறுத்தால் அவர்கள் மனம் புண்படும் என்று புரிந்தது.

கிளிமீனை உறையவைத்து ரரோடோங்காவுக்கு அனுப்புவதுதான் அவர்களுக்கு முக்கிய வருமானம். கப்பல் தாமதமானால் மாவு, சர்க்கரை, பெட்ரோல் எல்லாம் தட்டுப்பாடு. அதனால் கிளம்புவதற்கு முன்பே தீவோடு தொடர்புகொண்டு என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போங்கள். இலவச விருந்து என்று நினைத்து வெறுங்கையோடு போவது நியாயமில்லை. வேலை தெரிந்தால் அதுவும் உதவி. எங்கள் ஆள் ஒருவர் பழுதான ஃப்ரீசரோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அதை ஓட வைத்தார்.

ஒரே எச்சரிக்கை: தென்கிழக்குக் காற்று நிலையாக வீசும்வரைதான் அந்த மேற்குப் பக்கம் பாதுகாப்பு. காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசினால் படகு நேராகப் பாறையை நோக்கித் தள்ளப்படும். இப்படி உடைந்த படகுகள் உண்டு. எங்களுக்கும் காற்று திரும்புகிறது என்று அண்ணன்தான் விடியும் முன் ரேடியோவில் கூப்பிட்டுச் சொன்னார். விடைபெறக் கரைக்குப் போகக்கூட நேரமில்லை, கயிற்றை அவிழ்த்துவிட்டு நியுவே பக்கம் கிளம்பினோம்.