மரத்தடியில் தினமும் தூள்: வீட்டு மரத்துக்கு ஆள் வைத்து வைத்தியம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காவேரிப்பட்டணம் மருமகள்

இரண்டு மாதம் அந்தத் தூளை நான்தான் பெருக்கித் தள்ளினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நிற்கும் செந்தூரா மாமரம். மாமனார் வீடு கட்டிய 1991-இல் சந்தூரிலிருந்து ஒட்டுக்கன்றாக வாங்கி வந்து வைத்தது. போன புரட்டாசியில் காலையில் வாசல் தெளிக்கப் போனால் அடிமரத்தை ஒட்டி ரவை போல தூள் கிடக்கும். எறும்பு தள்ளிய மண் என்று நினைத்தேன். பெருக்கிவிட்டு, கோலம் போட்டு, உள்ளே வந்துவிடுவேன். மறுநாளும் கிடக்கும், மறுநாளும் பெருக்குவேன்.

ஐப்பசி கடைசியில் தெற்குக் கிளை ஒன்றில் இலை பழுத்துத் தொங்கியது. வீடுகளுக்குக் கரையான் மருந்து அடிக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். இரண்டு பையன்கள் பவர் ஸ்பிரேயரோடு வந்து, மேலே இருந்த இலையெல்லாம் நனைய அடித்தார்கள். கொடியில் காய்ந்த துணியிலும் பட்டது. அரை மணி நேரம், 2,800 ரூபாய். அடிமரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை அதே இடத்தில் அதே தூள்.

மூன்று வாரம் கழித்து, சந்தூர் நர்சரியில் ஒட்டுக் கட்டிப் பழகிய ஒரு பெரியவரை மாமியாரின் தம்பி அழைத்து வந்தார். கையில் ஒரு சைக்கிள் ஆரக்கம்பி, ஒரு சின்னக் கத்தி. அவ்வளவுதான். வந்ததும் குனிந்து தூளை எடுத்து விரலில் நசுக்கினார். "ஈரமா இருக்குதும்மா, உள்ளதான் இருக்குது" என்றார். பட்டையில் காதை வைத்தார், என்னையும் வைக்கச் சொன்னார். அடுத்த அறையில் யாரோ பொரித்த அப்பளத்தை மெதுவாக மெல்வது போல ஒரு சத்தம். என் வீட்டு வாசலில், நான் தினமும் சாய்ந்து நின்று பூக்காரம்மாவிடம் பேசும் மரத்துக்குள்.

பிசின் வழிந்த இடத்தில் பட்டையைச் சீவினார். கம்பி முனையைக் கொக்கி போல வளைத்துத் துளைக்குள் விட்டு, திருகி இழுத்தார். என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு புழு வந்தது. வெண்ணெய் நிறம், தலை மட்டும் பழுப்பு, கால் கிடையாது. படிக்கல்லில் போட்டதும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி எதையோ தேடியது. அப்படி ஐந்து எடுத்தார். துளைகளைக் களிமண்ணால் அடைத்தார். 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

தெற்குக் கிளை போய்விட்டது, வெட்டினோம். மற்ற கிளைகள் தையில் பூத்தன. ஆனால் பெருக்கும்போதெல்லாம் அந்தப் புழு தலையை ஆட்டியதுதான் கண்ணில் வருகிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

காரிமங்கலம் வாத்தியார்

எங்களுடையது தென்னை. நடந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து வேறு யாரும் இதைச் செய்யாதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று தென்னை, பதினொரு வயது. காய் பறிக்கிறவர் ஏற வசதியாக ஒரு மரத்தில் கொத்துப் போட்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் காயம் வழியாகத்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைத்திருக்கிறது. பழுப்பாக நீர் வடிந்தது, பக்கத்தில் போனால் புளித்த கள் வாசனை. விசாரித்ததில் ஒரு ஆள் வந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்து மூன்று துளையில் போட்டு, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போனார். அம்மா படுக்கும் அறையின் ஜன்னலுக்கும் அந்த மரத்துக்கும் ஆறடி கூட இருக்காது. ஜன்னலைச் சாத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரவு பூண்டு போல ஒரு நாற்றம். விடியற்காலையில் அம்மாவுக்கு வாந்தி, நெஞ்சு இறுக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல நெல் மூட்டைக்கு மாத்திரை வெச்சீங்களா?" இல்லை சார், மரத்துக்கு வைத்தோம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான்கு நாளில் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

மரம் மார்கழியில் கொண்டை சாய்ந்து விழுந்தது. பிளந்து பார்த்தேன். உள்ளே நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கூடுகள், நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

பர்கூர் மருந்துக்காரன்

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். 17 வருடமாக மாந்தோப்புகளுக்கும் வீட்டு மரங்களுக்கும் மருந்து அடிக்கிறேன். அதனால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா, அந்தப் பையன்கள் செய்தது தப்பு. தண்டுத் துளைப்பான் மரத்துக்குள் இருக்கும்போது இலைக்கு அடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் முழுப் பழியையும் அவர்கள் மேல் போடாதீர்கள். எனக்கு வரும் போன் எல்லாமே "மருந்து அடிக்கணும், எவ்வளவு?" என்றுதான் வருகிறது. மரத்துக்கு என்ன என்று பார்க்க வேண்டும் என்று யாரும் கூப்பிடுவதில்லை. நான் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து வேண்டாம், பார்த்ததற்கு 300 ரூபாய் கொடுங்கள் என்றால் முகம் மாறிவிடுகிறது. அதே ஆள், டேங்கைத் தூக்கிக்கொண்டு போய் நனைத்துவிட்டு வந்தால் 2,000 எடுத்துக் கொடுக்கிறார். போன வருடம் பர்கூர் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான். மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியே இல்லாத மரத்துக்கு அடித்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். நான் அடிக்காமல் வந்தேன். வேறு ஆளை வைத்து அடித்தார்கள், பூ இருக்கும்போதே. தேனீ செத்துத் தரையில் கிடந்ததை அந்த வீட்டுக் குழந்தை பொறுக்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வாத்தியார் சார், அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு வரும். அனுமதி பெற்றவர்களைத் தவிர யாருக்கும் அதை விற்கவே கூடாது. குடியிருக்கும் வீட்டுப் பக்கத்தில் அதை எடுத்தாலே அந்த ஆளை வெளியே அனுப்பிவிடுங்கள். அதே போல யாராவது துளையில் நுவான் என்ற மருந்தை ஊற்றிப் பஞ்சு வைக்கிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். அந்த டைக்குளோர்வாஸ் மருந்து 2020 கடைசியோடு தடை செய்யப்பட்டது. ஆள் வந்ததும் டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். லேபிளில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை கடைசி. டப்பாவைக் காட்டத் தயங்குகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். தென்னைக்கு வேரில் பை கட்டி மருந்து ஏற்றினால் 45 நாளைக்குக் காயைத் தொடக்கூடாது. இதை எத்தனை பேர் உங்களிடம் சொன்னார்கள்? வீட்டு மரத்தில் இளநீர் வெட்டிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

மாமரத்துக்கு: புழுவை எடுத்த பிறகு தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குத் தாரும் மண்ணெண்ணெயும் ஒன்றுக்கு இரண்டு கலந்து பூசுவோம். அந்தப் புழுவின் தாய் வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்காமல் இருக்கத்தான். மழை தொடங்கி வண்டு வெளியே வரும் சமயத்துக்கு முன்னால் பூசினால்தான் பலன். பக்கத்தில் இலவ மரம் இருந்தால் அதையும் கவனியுங்கள், அதுவும் அந்த வண்டுக்குப் பிடிக்கும்.

ஓசூர் மூன்றாவது மாடி

பர்கூர் அண்ணா சொன்ன 'வேண்டாம்' என்ற வார்த்தையைக் கேட்க எங்கள் குடியிருப்பில் யாரும் தயாராக இல்லை.

சுருள் வெள்ளை ஈ. எங்கள் பதினெட்டு தென்னையிலும் வந்தது. ஓலை அடியில் வட்டம் வட்டமாக வெள்ளை மாவு, கீழே நிறுத்திய கார் எல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கரும்பூசணம். சங்கக் கூட்டத்தில் பெரிய சண்டை. ஒரு ஏஜென்சி ஏணி வண்டியோடு வந்து இரண்டு முறை அடித்தது. முதல் மாதம் குறைந்தது. மூன்றாம் மாதம் முன்னைவிட அதிகம்.

அப்புறம் தோட்டக்கலை படித்த உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். மருந்து எட்டாத சுவரோர மரத்தில் ஒரு ஓலைத் துண்டை வெட்டி, லென்ஸைக் கொடுத்து, "சித்தி, கறுப்பா இருக்கிறதை எண்ணுங்க" என்றாள். வெள்ளைக்கு நடுவே மிளகுத்தூள் போல கறுப்புப் புள்ளிகள். என்கார்சியா என்ற குளவி உள்ளே முட்டை வைத்த ஈக்குஞ்சுகள் அவை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி. நாங்கள் அடித்த மரத்து ஓலையிலும் எண்ணச் சொன்னாள். ஒன்று கூட இல்லை.

இந்த ஈ நம் நாட்டில் 2016-இல் பொள்ளாச்சி பக்கம்தான் முதலில் தென்பட்டது என்றும், அப்போதிருந்தே கடும் மருந்து அடிக்காதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறார்கள் என்றும் சொன்னாள். இப்போது தண்ணீரை வேகமாக ஓலை அடியில் பீய்ச்சுகிறோம், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டியிருக்கிறோம். குளவி இருக்கும் ஓலைத் துண்டை மற்ற மரங்களில் செருகினோம். முழுக்கப் போகவில்லை, ஆனால் கார் துடைக்கிற சண்டை நின்றுவிட்டது.

பாலக்கோடு வேம்பு

2021 ஐப்பசியில் எங்கள் தெருவில் வேம்பெல்லாம் நெருப்பு வைத்தது போலக் காய்ந்தது ஞாபகம் இருக்கிறதா? தேயிலைக் கொசு என்ற பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சி, அந்தக் காயத்தில் பூஞ்சாணம் புகுந்தது. எதிர் வீட்டார் பயந்து வெட்டினார்கள். நாங்கள் மரம் வெட்டுகிறவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். அவரே கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, நகத்தால் கிளையைக் கீறிக் காட்டி, "பச்சை இருக்குதுங்க, நான் வெட்டமாட்டேன்" என்றார். பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். பங்குனியில் தளிர் வந்தது.

ஊத்தங்கரை எருக்குழி

எனக்குப் பெரிய கதை இல்லை. காண்டாமிருக வண்டு இரண்டு கன்றின் குருத்தைத் தின்றது, அதோடு சரி. ஆனால் வாத்தியார் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும், மீதி இரண்டு மரமாவது நிற்கட்டும்.

கூன்வண்டு தானாக வராது சார். காண்டாமிருக வண்டு குருத்தில் போட்ட காயத்திலும், நாம் வெட்டிய காயத்திலும்தான் வரும். ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டைச் சுற்றி எங்கோ எருக்குழி இருக்கிறது, அல்லது மக்கிய தென்னைக் கட்டை கிடக்கிறது, அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். விழுந்த மரத்தை என்ன செய்தீர்கள்? அங்கேயே போட்டிருந்தால் இன்றே எடுத்து எரியுங்கள். எருவைக் கிளறி, சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்குங்கள், கோழி இருந்தால் விட்டுவிடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் கிடைக்கிறது, அதை எருவில் கலந்தால் புழு நோய் கண்டு சாகும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மேல் மூன்று மட்டை இடுக்கில் வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து போடுங்கள், அல்லது அந்துருண்டை மூன்று வைத்து மேலே மணல் போடுங்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பச்சை மட்டையை வெட்ட வேண்டி வந்தால் மரத்தை ஒட்டி வெட்டாதீர்கள், நாலு அடி விட்டு வெட்டுங்கள். கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி வீட்டு மரத்திலேயே கட்டிவிடாதீர்கள், அது பக்கத்துத் தோட்டத்து வண்டையும் உங்கள் மரத்துக்கு அழைத்து வரும். தள்ளி வையுங்கள்.

காரிமங்கலம் வாத்தியார்

விழுந்த கட்டை வேலி ஓரத்தில் இன்னும் கிடக்கிறது ஐயா. இப்போதே ஆளைக் கூப்பிடுகிறேன்.

காவேரிப்பட்டணம் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. பர்கூர் தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். நாங்களும் அன்று "எவ்வளவு?" என்றுதான் போனில் கேட்டோம்.

இன்று காலை வடக்குப் பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பட்டை வெடிப்பில் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கிறது. பெருக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு இப்போது கண் தெரியவில்லையாம். விரலில் நசுக்கிப் பார்த்தேன், ஈரமா காய்ந்ததா என்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

பர்கூர் மருந்துக்காரன்

அக்கா, அந்தத் தூளை மட்டும் ஒரு தாளில் தட்டி எடுத்துவிட்டு, பட்டையைத் துணியால் துடைத்து வையுங்கள். நாளை காலை புதிதாக வந்திருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் பழைய தூள். காதை வைத்தும் பாருங்கள், விடியற்காலையில் தெருவில் வண்டி ஓடாதபோது நன்றாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பையூர் பக்கம் ஒரு தோப்புக்கு வருகிறேன், அப்படியே வந்து பார்க்கிறேன். டேங்க் எடுத்து வரமாட்டேன், கம்பி மட்டும்தான். வீட்டில் களிமண் இருந்தால் கொஞ்சம் நனைத்து வையுங்கள்.