200 டாலர் வயர்லெஸ் கன்ட்ரோலர்: ரிட்டர்ன் காலத்துக்குள்ள எதையெல்லாம் அளந்து பார்க்கணும்?

ஆறாம்விரல்:

வணக்கம். 200 டாலர் ரகத்துல ஒரு வயர்லெஸ் கன்ட்ரோலர் வாங்கலாம்னு இருக்கேன். பிசியில ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ராக்கெட் லீக். பிஎஸ்5-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. சின்ன டோர்னமென்ட்டுக்கும் போறதுண்டு. பட்டியல்ல நிக்கறது மூணு: ரேசர் வுல்வரின் வி3 ப்ரோ, சோனி டூயல்சென்ஸ் எட்ஜ், எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2.

ரிவ்யூ வீடியோவுல எல்லாம் கையில பிடிச்சா எப்படி இருக்குன்னுதான் பேசறாங்க. எனக்கு அது வேண்டாம். ரிட்டர்ன் பண்ண ஒரு வாரம் டைம் இருக்கற கடையில வாங்கினா, அந்த ஒரு வாரத்துக்குள்ள எதை எப்படி சோதிச்சு, வெச்சுக்கறதா திருப்பறதான்னு முடிவு பண்றது? 1000 ஹெர்ட்ஸ், ஹால் எஃபெக்ட் இதெல்லாம் ஆட்டத்துல தெரியுமா, இல்ல பெட்டியில போடறதுக்கு மட்டும்தானா?

நடுப்புள்ளி:

சோதனைக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க சொன்ன மூணுல எட்ஜ் மட்டும்தான் உங்க மூணு கேமுக்கும் ஆகும். வுல்வரின் வி3 ப்ரோவும் எலைட் 2-ம் எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் செஞ்சது. பிஎஸ்5 அதை ஏத்துக்காது. நடுவுல கன்வர்ட்டர் போட்டு ஓட்டறவங்க இருக்காங்க, ஆனா டோர்னமென்ட்ல அதுக்கு அனுமதி உண்டான்னு தனியா கேட்டுக்கணும். அதனால ஒரே கன்ட்ரோலரா, பிசிக்கு ஒண்ணு பிஎஸ்5-க்கு ஒண்ணான்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

இப்ப ஸ்டிக். எட்ஜ், எலைட் 2 ரெண்டுலயும் உள்ள இருக்கறது பொட்டன்ஷியோமீட்டர்: கார்பன் தடத்து மேல ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கிட்டே போகும். தடம் தேயத் தேய நடு மதிப்பு நகரும், அதுதான் டிரிஃப்ட். வுல்வரின்ல ஹால் சென்சார்: காந்தமும் சென்சாரும் ஒண்ணையொண்ணு தொடறதே இல்ல, உரசித் தேய எதுவும் கிடையாது. ஆனா ஹால்னு போட்டிருந்தா ஸ்டிக் துல்லியமா இருக்கும்னு அர்த்தம் இல்ல. ஸ்பிரிங் தளர்வா இருந்தாலோ ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள்ள ஓடற மென்பொருள்) மோசமா இருந்தாலோ புது ஹால் ஸ்டிக்கைவிட ஒரு நல்ல பொட்டன்ஷியோமீட்டர் ஸ்டிக் மேல். அதனால பெயரை விட்டுட்டு அளந்து பாருங்க.

பிசியில கேபிள்ல சொருகி, ஸ்டீமை முழுசா மூடிட்டு (ஸ்டீம் இன்புட் நடுவுல புகுந்து எண்ணை மாத்தும்), பிரவுசர்ல ஏதாவது கேம்பேட் டெஸ்டர் பக்கத்தைத் திறங்க. ஸ்டிக் எங்க நிக்குதுன்னு அது -1 முதல் +1 வரை எண்ணாக் காட்டும், நடு 0.

1. நடுவுக்குத் திரும்புதல். ஸ்டிக்கை மேல், கீழ், இடம், வலம், நாலு மூலைன்னு எட்டு திசைக்கும் தள்ளி மெதுவா விடுங்க. திசைக்குப் பத்து தடவை. ஓய்வுல நிக்கற எண்ணை எழுதிக்குங்க. ஒரே இடத்துல 0.03 காட்டினா அது சும்மா ஒரு விலகல், டெட்ஸோன்ல (நடுவை ஒட்டின சின்ன அசைவைக் கண்டுக்காம விடற பகுதி) அடங்கிடும். வலது பக்கம் தள்ளினா +0.06, இடது பக்கம் தள்ளினா -0.05ன்னு சிதறினாதான் சிக்கல். ஸ்பிரிங் ஸ்டிக்கை ஒரே இடத்துக்குக் கொண்டு வரலைன்னு அர்த்தம், கேலிபரேஷன்ல சரியாகாது.

2. மெது நகர்வு. நடுவுலேருந்து எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா தள்ளுங்க. எண் 0.01, 0.02ன்னு படிப்படியா ஏறணும். 0-லேயே கிடந்துட்டு திடீர்னு 0.08-க்குக் குதிச்சா கன்ட்ரோலருக்குள்ளயே டெட்ஸோன் ஒளிச்சு வெச்சிருக்காங்க. ஏபெக்ஸ்ல டெட்ஸோனை 'நன்'னு வெச்சாலும் அது போகாது, நுணுக்கமா குறி நகர்த்தற இடத்துலதான் உதைக்கும்.

3. ஸ்னாப்பேக். ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளி சட்டுன்னு விரலை எடுங்க. நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் எவ்வளவு போகுதுன்னு பாருங்க. 0.1-க்குள்ள இருந்தா கண்டுக்க வேண்டாம். 0.2, 0.3ன்னு போனா ராக்கெட் லீக்ல கார் ஒரு துளி எதிர்ப்பக்கம் வெட்டும்.

4. வட்டம். ஓரத்தை ஒட்டிச் சுத்தினா ஒரு சதவீதப் பிழை காட்டும். இங்கதான் பலரும் ஏமாறறாங்க. 8, 10 சதவீதம் வந்தா மோசம்னு நினைச்சுத் திருப்பி அனுப்பறாங்க. அந்தப் பிழை பெரும்பாலும் மூலைகள்ல மதிப்பு வட்டத்தைத் தாண்டிப் போறதால வர்றது, கேம் அதை வெட்டிக்கும். பயப்பட வேண்டியது எதிர் நிலைமைக்கு: ஏதோ ஒரு திசையில ஓரம் வரை தள்ளியும் 0.95-ஐத் தாண்டலைன்னா அந்தத் திசையில முழு வேகத்துல திரும்பவே முடியாது.

ரெண்டுபாயின்ட்நாலு:

ஸ்டிக் பத்தி மேல சொல்லியாச்சு, நான் ரேடியோ பக்கம் மட்டும்.

போலிங் ரேட், அதாவது கன்ட்ரோலர் நொடிக்கு எத்தனை தடவை தகவல் அனுப்புதுங்கற கணக்கு எளிது. 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தகவல் போகும், நீங்க அழுத்தினது சராசரியா 4 மில்லிசெகண்ட் காத்திருக்கும். 1000 ஹெர்ட்ஸ்ல அந்தக் காத்திருப்பு அரை மில்லிசெகண்ட். மிச்சம் மூணரை. 60 ஃபிரேம்ல ஓடற ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட், அங்க இதைத் தேடவேண்டியதில்ல. 240 ஃபிரேம்ல ஏபெக்ஸ் ஓட்டினா ஃபிரேம் 4.2 மில்லிசெகண்ட், அங்க ஓரளவு பொருள் உண்டு. இன்னொண்ணு: வுல்வரின் வி3 ப்ரோவோட 1000 ஹெர்ட்ஸ் 'டோர்னமென்ட் மோட்' பிசியில, அதுவும் கேபிள்ல மட்டும். வயர்லெஸ்ஸுக்குன்னு காசு கொடுத்துட்டு அந்த எண்ணுக்காகக் கேபிள் மாட்டணும்.

போலிங்கை பிரவுசர்ல அளக்காதீங்க. பிரவுசர் பக்கம் பெரும்பாலும் திரையோட ரிஃப்ரெஷ் வேகத்துலதான் எண்ணை வாங்கும், அப்படிப்பட்ட பக்கத்துல 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல எல்லா கன்ட்ரோலரும் 60தான் காட்டும். தனியா ஓடற போலிங் டெஸ்ட் மென்பொருள் வேணும். அளக்கும்போது ஸ்டிக்கைச் சுத்திக்கிட்டே இருங்க. மதிப்பு மாறினாதான் தகவல் அனுப்பற கன்ட்ரோலர்கள் இருக்கு, சும்மா வெச்சா எண் குறைவாத்தான் வரும்.

சராசரியை விடச் சிதறலைப் பாருங்க. 8 மில்லிசெகண்ட் எப்பவும் 8-ஆவே இருந்தா கை அதுக்குப் பழகிடும். 2, 2, 2, 19, 2ன்னு வந்தா பழகவே முடியாது. சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் கன்ட்ரோலரே இல்ல, டாங்கிள் (பிசியில சொருகற வயர்லெஸ் ரிசீவர்) சொருகின இடம். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதுல மாட்டின ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பத்தி ஒரு வெள்ளை அறிக்கை போட்டிருக்கு. டாங்கிளை கேபினெட் பின்பக்கம் சொருகினா உங்களுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு இரும்புப் பெட்டி வேற. ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேஜை மேல, கன்ட்ரோலர் கண்ணுல படற மாதிரி வையுங்க. வீட்டு வைஃபையையும் முடிஞ்ச வரைக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க.

சோதனை: முதல்ல அரை மீட்டர் தூரத்துல அளங்க. அப்புறம் நீங்க உட்கார்ற தூரத்துல, ஃபோன்ல 2.4 வைஃபை வழியா பெரிய ஃபைல் டவுன்லோடு ஓடவிட்டு, புளூடூத் ஹெட்செட்டையும் போட்டுக்கிட்டு அளங்க. ரெண்டாவதுல இடைவெளி தாறுமாறா ஆனா, டாங்கிள் இடத்தை மாத்தி இன்னொரு தடவை. அப்பவும் அப்படியே இருந்தா கன்ட்ரோலரைத் திருப்பிடுங்க.

பட்டனிலிருந்து திரை வரைக்குமான தாமதத்துக்குத் தனிக் கருவி வேண்டாம். ஃபோன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போட்டு, கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்துல தெரியற மாதிரி எடுங்க. கேபிள்ல 20 தடவை, வயர்லெஸ்ல 20 தடவை. ஒரு வீடியோ ஃபிரேம் 4.2 மில்லிசெகண்ட். மொத்த எண்ணுல மானிட்டரும் கேமும் சேர்ந்திருக்கும், அதை விடுங்க. ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் வயர்லெஸ்ஸுக்கு நீங்க கொடுக்கற விலை.

எல்2ஆர்2:

மேல ரெண்டு பேரும் மில்லிசெகண்டுலேயே நிக்கறாங்க. ஆட்டத்தை உண்மையில மாத்தறது பின்பக்க பட்டன்தான். வலது கட்டைவிரலை ஸ்டிக்குலேருந்து எடுக்காம குதிக்கறதும் குனியறதும் ஏபெக்ஸ்ல எந்த 1000 ஹெர்ட்ஸையும் விடப் பெருசு. எட்ஜ்ல பின்னாடி 2, எலைட் 2-ல 4, வுல்வரின்ல பின்னாடி 4, மேல கூடுதல் பம்பர் 2. எண்ணிக்கையைவிட விரல் படற இடம் முக்கியம். கன்ட்ரோலரை வழக்கமா பிடிக்கற மாதிரியே இறுக்கிப் பிடிச்சு, கேம்பேட் டெஸ்டரைப் பார்த்துக்கிட்டே ரெண்டு ஸ்டிக்கையும் வேகமா ஆட்டுங்க. பேக் பட்டன் தானா அழுந்தினா அந்த வடிவம் உங்க கைக்கு இல்ல. எலைட்ல பேடலை (அந்தப் பின் பட்டனை) கழட்டிடலாம், எட்ஜ்ல அரைக்கோளம், நெம்புகோல்னு ரெண்டு வடிவம் கூடவே வரும். மாத்திப் போட்டுப் பாருங்க.

டிரிகர் ஸ்டாப்பை (டிரிகர் அழுந்தற தூரத்தைக் குறைக்கற தடுப்பு) சரிபார்க்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீங்க. குறுகின நிலையில முழுசா அழுத்தி டெஸ்டர்ல எண் 1.00 வருதான்னு பாருங்க. 0.4-லேயே நின்னா, பாதிக்கு மேல அழுத்தினாதான் சுடற கேம்ல துப்பாக்கியே வெடிக்காது. மென்பொருள்ல அந்த டிரிகரோட மேல் எல்லையை இறக்கணும். கார் ரேஸ் கேமுக்கு வேற புரொஃபைல் வெச்சு ஸ்டாப்பை எடுத்துவிடுங்க, இல்லன்னா ஆக்ஸிலரேட்டர் ஸ்விட்ச் மாதிரி ஆயிடும்.

பேட்டரி: எட்ஜ்ல 1,050 எம்ஏஹெச், சாதா டூயல்சென்ஸ்ல 1,560. அதிக விலை கொடுத்துக் குறைஞ்ச பேட்டரி வாங்கறோம், அது தெரிஞ்சே வாங்குங்க. எலைட் 2-க்கு 40 மணி நேரம் வரைன்னு சொல்றாங்க.

தேய்மானத்துல எட்ஜுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. பின்பக்கம் 'ரிலீஸ்' தாழைத் தள்ளினா முன் மூடி கழண்டு வரும், உள்ள ஒரு நெம்பைத் தூக்கினா ஸ்டிக் மாட்யூலே மொத்தமா வெளியே வந்துடும். ஸ்க்ரூ, சால்டரிங் எதுவும் வேண்டாம். 2023-ல வெளிவந்தப்ப மாட்யூல் ஒண்ணு 19.99 டாலர். எலைட் 2 டிரிஃப்ட் ஆனா இவ்வளவு சுலபமா ஸ்டிக்கை மாத்த முடியாது. அதோட வாரண்டி ஆரம்பத்துல 90 நாள்தான், 2020 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் ஒரு வருஷமா நீட்டிச்சுது. வெளிநாட்டுலேருந்து யாராவது வாங்கிட்டு வர்றதா இருந்தா, அந்த வாரண்டி உங்க ஊர்ல செல்லுமான்னு முதல்ல கேட்டுடுங்க.

ஆறாம்விரல்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு எட்ஜை கேபிள்ல சொருகி டெஸ்டர்ல பார்த்தேன். ஓய்வுல வலது ஸ்டிக்கோட ரெண்டு அச்சும் 0.00392 காட்டுது, சில சமயம் ஒண்ணு -0.00392. புதுசுலேயே டிரிஃப்டா? பக்கத்துல இருந்த வேற ஒரு கம்பெனி ஹால் ஸ்டிக் கன்ட்ரோலர் 0.00000ன்னு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அதுதான் நல்லதா?

நடுப்புள்ளி:

டிரிஃப்ட் இல்ல. டூயல்சென்ஸ் குடும்பம் முழுக்க ஸ்டிக் நிலையை 8 பிட்ல அனுப்புது, அதாவது 0 முதல் 255 வரை. இரட்டைப்படை எண்ணிக்கைக்கு நட்ட நடுவே கிடையாது, 127, 128 ரெண்டுல ஏதோ ஒண்ணுலதான் நிக்க முடியும். பிரவுசர் அதை -1 முதல் +1 ஆக்கும்போது 128 என்பது 0.00392, 127 என்பது -0.00392. உங்க ஸ்டிக் சரியா நடுவுல இருக்கு. 0.01176 வந்தா 129, ஒரு படி தள்ளி. அதுவும் பரவாயில்ல. 0.04-ஐத் தாண்டித் தங்கினா யோசிங்க.

ஆணி அடிச்ச பூஜ்யத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். மேல சொன்ன ரெண்டாவது சோதனையை அதுல செய்யுங்க. ஸ்டிக்கை நகத்தால ஒரு மயிரிழை தள்ளியும் 0.00000 அசையலைன்னா உள் டெட்ஸோன் இருக்கு. அந்தக் கம்பெனி மென்பொருள்ல அதை அணைக்க வழி இருந்தா அணைச்சுட்டு மறுபடி பாருங்க.

டிரிஃப்டை கேம்ல தேடாதீங்க. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட்டுக்கு (விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்கற முறை) பரிந்துரைக்கற டெட்ஸோன் 32767-க்கு இடது 7849, வலது 8689. ஏறக்குறைய கால்வாசி. அதை அப்படியே எடுத்துக்கிட்ட கேம்ல பாதி செத்த ஸ்டிக் கூட நல்லா இருக்கற மாதிரி தெரியும்.

ஃபைனல்ரவுண்ட்:

டோர்னமென்ட் பத்தி யாரும் சொல்லலை. சண்டை கேம் போட்டிகள்ல கேபிள் கட்டாயம்னு சொல்ற இடங்கள் நிறைய. காரணம் தாமதம் இல்ல, பேரிங்தான் (கன்ட்ரோலரை வயர்லெஸ்ஸா கன்சோலோட இணைச்சு வைக்கறது). முந்தின ஆட்டக்காரரோட கன்ட்ரோலர் அந்த பிஎஸ்5-ல பேர் ஆகியே இருக்கும். அவர் பையிலேருந்து பிஎஸ் பட்டன் அழுந்தினா உங்க மேட்ச் நடுவுல நிக்கும். ஆட்டத்தை நிறுத்தினவர் அந்த ரவுண்டையே இழக்கணும்னு ரூல் வெச்சிருக்கற போட்டிகள் உண்டு.

எட்ஜை எடுத்துட்டுப் போனா கேபிள் மாட்டறது மட்டும் போதாது. மாட்டினாலும் பிஎஸ்5 அதை சார்ஜுக்கு மட்டும் எடுத்துக்கிட்டு புளூடூத்துலேயே ஓடலாம். செட்டிங்ஸ்ல ஆக்சஸரீஸ், கன்ட்ரோலர்ஸ், அங்க தொடர்பு முறைன்னு இருக்கறதை யூஎஸ்பி கேபிளுக்கு மாத்துங்க. ஆட்டம் முடிஞ்சதும் அந்தக் கன்சோல்லேருந்து உங்க கன்ட்ரோலரை நீக்கிடுங்க, அடுத்தவர் மேட்ச் உங்களால நிக்க வேண்டாம். எட்ஜோட வர்ற கேபிளுக்கு ஒரு பூட்டு உறை இருக்கு, அதைக் கன்ட்ரோலர்ல மாட்டிடுங்க. இழுபட்டுக் கழண்டாலும் நிறுத்தினது நீங்கதான்.

பேக் பட்டனுக்கு ஒரு பட்டனை மட்டும் ஒதுக்கினா பொதுவா பிரச்னை வராது. ஒரே அழுத்துல ரெண்டு மூணு கட்டளை போற மேக்ரோ, பிடிச்சுக்கிட்டிருந்தா தானா திரும்பத் திரும்ப அழுந்தற டர்போ எதுவும் புரொஃபைல்ல மிச்சம் இருக்கக் கூடாது. வீட்டுலேயே அதுக்குன்னு ஒரு வெறும் புரொஃபைல் சேமிச்சு வெச்சுக்குங்க. டி-பேடையும் (நாலு திசை பட்டன்) ட்ரெய்னிங் மோட்ல இன்புட் காட்சியைப் போட்டு, ரெண்டு பக்கமும் 50 தடவை கால்வட்டம் (கீழ், கீழ்-மூலை, பக்கம்னு) சுத்திப் பாருங்க. கீழ்-மூலை விட்டுப்போறதும், கேட்காத மேல் திசை வந்து குதிக்கறதும் அங்கதான் பிடிபடும்.