தென்னாப்பிரிக்கா அணுகுண்டைக் கைவிட்டது ஏன்?

பொருநைச்செல்வன்:
சொந்தமாகச் செய்த அணுகுண்டுகளைத் தானே பிரித்துப்போட்ட நாடு தென்னாப்பிரிக்கா ஒன்றுதான். உக்ரைன், கசகஸ்தான் கதை வேறு. அங்கே இருந்தவை சோவியத் விட்டுப்போன ஆயுதங்கள். 1993 மார்ச் 24 அன்று அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில், ஆறு குண்டுகள் செய்து வைத்திருந்தோம், எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று அறிவித்தார். வடகொரியா, ஈரான் என்று பேச்சு வரும்போதெல்லாம் நாம் எடுத்துக்காட்ட வேண்டிய நாடு இது.

மலர்விழி:
வரிசையாக நடந்ததைப் பாருங்கள். 1989 செப்டம்பரில் டி கிளார்க் அதிபராகிறார். சில மாதங்களிலேயே திட்டத்தை மூட முடிவெடுக்கிறார். 1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலை. அதே மாதம் குண்டுகளைப் பிரிக்க எழுத்துமூல உத்தரவு. மூன்று வருடம் கழித்துத்தான் வெளியே சொல்கிறார்கள், அதுவும் தொழில்நுட்ப ஆவணங்களை அழித்தபிறகு. சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி போய், பெரும்பான்மைக் கறுப்பின மக்களின் ஆட்சி வரப்போகிறது, அவர்கள் கையில் குண்டு சிக்கக்கூடாது. இதைச் சமாதானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருநைச்செல்வன்:
தென்னாப்பிரிக்கப் படை சண்டையிட்ட அங்கோலாவை விட்டுவிட்டீர்களே. 1988-ல் அங்கே கியூபப் படையினர் சுமார் 50,000 பேர், பின்னால் சோவியத் ஆயுதம். அந்தப் பயத்தில்தான் குண்டு செய்தார்கள். அந்த டிசம்பரில் நியூயார்க்கில் ஒப்பந்தம் ஆனது. கியூபர்கள் கிளம்ப ஒப்புக்கொண்டார்கள், தென்னாப்பிரிக்கா பிடித்துவைத்திருந்த நமீபியாவுக்கு விடுதலை என்று முடிவானது. அப்புறம் குண்டு யாருக்கு எதிராக?

பட்டறைவாசி:
இரண்டு பேரும் குண்டையே பேசுகிறீர்கள், ஆயுதத் தொழிலைப் பேசவில்லை.

1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 418-ஆம் தீர்மானம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தது. ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு நிறுவனம் அதற்கு ஈடுகொடுத்து உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தது. ஜி-5 பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 155 மில்லிமீட்டர் வாய், குண்டு கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் போகும். அங்கோலாப் போரில் களத்தில் நின்று சுட்டது இதுதான். அதன் வடிவமைப்புக்கு உதவிய கனடா பொறியாளர் ஜெரால்டு புல், தடையை மீறியதற்காக அமெரிக்காவில் சிறைக்குப் போனார். பீரங்கியோ ஈராக் வரை விலைபோனது.

அணுகுண்டின் கணக்கைப் பாருங்கள். குண்டுக்குத் தேவையான, உயர்வாகச் செறிவூட்டிய யுரேனியத்துக்கு இருந்தது வலிண்டபாவில் ஒரே ஒரு சிறிய ஆலை. பத்தாண்டு உழைப்பில் ஆறு குண்டுதான் தேறியது, ஒன்றைக்கூடப் பயன்படுத்த வழியில்லை. குண்டைப் பிரித்த அதே காலத்தில், 1992-ல், ஆர்ம்ஸ்கோரின் ஆலைகள் டெனல் என்ற புது அரசு நிறுவனத்துக்கு மாறின. மண்டேலா ஆட்சியிலும் அவை ஓடின. கறுப்பின ஆட்சி மேல் இருந்த பயம் மட்டுமே காரணம் என்றால், பீரங்கி ஆலையை மட்டும் ஏன் அப்படியே ஒப்படைத்தார்கள், மலர்விழி?

மலர்விழி:
பீரங்கியும் அணுகுண்டும் ஒன்றல்ல. பீரங்கி இருப்பதால் எந்த வல்லரசும் ஒரு நாட்டிடம் பார்த்துப் பேசாது. யுரேனியத்தைப் பாருங்கள். குண்டுகளிலிருந்து எடுத்ததை உருக்கி பெலிண்டபா அணு ஆராய்ச்சி மையத்தில் வைத்தார்கள். அதைக் கொடுத்துவிடச் சொல்லி ஒபாமா அப்போதைய தென்னாப்பிரிக்க அதிபர் ஜூமாவிடமே கேட்டார், கொடுக்கவில்லை. இதே மக்களாட்சிதான் 1996-ல் ஆப்பிரிக்காவையே அணு ஆயுதமில்லாத பகுதியாக்கும் பெலிண்டபா ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டது. குண்டு வேண்டாம், யுரேனியம் எங்கள் சொத்து. இரண்டும் அவர்களே எடுத்த முடிவு. குண்டுகளைப் பற்றியும் அவர்களைக் கேட்டு முடிவெடுத்திருக்கலாமே? அந்த வாய்ப்பை டி கிளார்க் தரவில்லை.

பொருநைச்செல்வன்:
கேட்டிருந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்களை உள்ளே விட்டார்கள். அவர்கள் யுரேனியக் கணக்கைச் சரிபார்த்தார்கள், உலகமும் ஏற்றது. காரணம் பயமோ மனசாட்சியோ, ஒரு நாடு கதவைத் திறந்து காட்டியது. நான் எடுத்துக்காட்டு என்று சொன்னது அதைத்தான்.

பட்டறைவாசி:
அந்தப் பெலிண்டபாவில் 2007 நவம்பரில் ஆயுதத்தோடு ஆட்கள் மின்வேலியைத் தாண்டிப் புகுந்து, அவசரகாலக் கட்டுப்பாட்டு அறை வரை போனார்கள், தெரியுமா? யுரேனியத்தை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுகிறவர்கள் அதன் காவலைப் பற்றியும் பேச வேண்டும், மலர்விழி.